ஆறு முந்திரி

குமரவேல் நடைக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவன் திரும்பி வர இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் கீரையை ஆய்ந்து, வேகவைத்து, மிக்சியை ஓட்டி, ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும் என்று செண்பகவல்லி மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அரைக்கீரைக் கட்டைப் பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை. யாழினியும் கவினும் முன்னறையில் போர்வைக்குச் சண்டை போட்டபடியே தூங்கிப் போயிருந்தார்கள். கீரைக் கட்டுக்குள் வழக்கம் போலக் கொஞ்சம் புல், ஒரு நத்தை ஓடு, வேரோடு வந்த மண். இந்த மண் போக நாலு தண்ணீர் அலச வேண்டும். நாலு தண்ணீர், கால் மணி நேரம், குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். இதைத்தான் அவன் சிம்பிள் என்கிறான். நேற்றுக்கூட சிநேகிதன் ஒருத்தனிடம் போனில் அதைத்தான் சொன்னான். "ரொம்ப சிம்பிள் மாப்ள. பாக்கெட்ல வர்றது எதையும் தொடறதில்ல. காய், கீரை, பயறு, ஒரு கை சோறு, நாலு பழம். பசிச்சா சாப்பிடு, போதும்னா எந்திரி. அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். பயறு தானே போய்த் தண்ணீரில் படுத்துக்கொள்கிறது போலிருக்கிறது. வாழைப்பூ தானே தன் நரம்பை உருவிக்கொண்டு மோரில் குதிக்கிறது போலிருக்கிறது. கேழ்வரகுக் கூழ் இராத்திரியே எழுந்து தன்னைத் தானே கிண்டிக்கொள்கிறது. அவன் செய்வதெல்லாம் தட்டுக்கு முன்னால் உட்கார்வதும், போதும் என்று எழுந்திருப்பதும்தான். அந்தப் போதும் இருக்கிறதே, அதுதான் அவளால் தாங்கிக்கொள்ள முடியாத சொல். பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிற மனிதனை அவள் பிறந்த வீட்டிலும் பார்த்ததில்லை, புகுந்த வீட்டிலும் பார்த்ததில்லை. பாதி வடை. மொறுமொறுவென்று, மிளகு துருத்திக்கொண்டு, தட்டில் தனியாகக் கிடக்கும். அதை என்ன செய்வது? குப்பையில் போட மனசு வருமா? அவள் வாயில்தான் போனது. எட்டு மாதமாக எல்லாப் பாதியும் அவள் வாயில்தான் போயிற்று.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் எண்பத்தொன்பது கிலோ. அவன் வேலை பார்க்கிற பாலிடெக்னிக்கில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது, ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அவனை உட்கார வைத்து நன்றாகத் திட்டினார். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாதா, ரெண்டு பிள்ளை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடு, நட, ஆறு மாதம் பார்க்கலாம், இல்லையென்றால் காலத்துக்கும் மாத்திரைதான். அவன் அப்பாவுக்குக் காலில் இரண்டு விரல் எடுத்தார்கள், ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அன்று சாயங்காலம் முகம் வெளிறி வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அவள் பயந்தது உண்மை. அழுதாள். மறுநாளே உழவர் சந்தைக்குப் போய்ப் பை நிறையக் காய் வாங்கி வந்தாள். அவனுக்கென்று தனியாகச் சின்னக் குக்கர், தனி டப்பா, சிவப்பரிசி, கம்பு, தட்டைப்பயறு. நிறுத்து வைத்தது போல ஒரு ஆளுக்கு மட்டும். ஆறு மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, பரவாயில்லை, இன்னும் ரெண்டு மாதம் இப்படியே போ, அப்புறம் முடிவு செய்வோம் என்றார் டாக்டர். அவன் எழுபத்தைந்துக்கு வந்தான். பதினாலு கிலோ. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த அந்த நீலக்கோடு போட்ட சட்டையைப் பரணிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான், பட்டன் போட்டுப் பார்த்தான், போட முடிந்தது. "பாத்தியா செண்பகம்" என்றான். பார்த்தாள். அவள் கல்யாண ரவிக்கையின் தையலை மூன்று தரம் பிரித்து விட்டாயிற்று, இனிப் பிரிக்கத் துணி இல்லை. அவனுக்கு மூன்று கரண்டி சோறு ஒரு கரண்டி ஆனபோது மீதி இரண்டு கரண்டி எங்கே போயிற்று என்று யாராவது கேட்டார்களா? கை பழக்கத்தில் அரிசி பழைய அளவுக்கே விழுந்தது, மீந்தது, அவள் தட்டுக்கு வந்தது. அவன் உடம்பிலிருந்து இறங்கியதில் நாலு கிலோ இந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை, அவள் இடுப்பில்தான் குடியேறியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் பொறாமை என்று சொல்ல முடியாது. கட்டின புருஷன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா, கேட்டால் ஊர் சிரிக்காதா. இது வேறு ஏதோ. களைப்பு. கோபம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

கோபம் என்றால் எதன் மேல் கோபம்? கரூரில்தான் ஆரம்பித்தது, அதில் சந்தேகம் இல்லை. அவனுடைய சித்தப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தலுக்குள் நுழைந்ததுமே சொந்தம் மொத்தமும் அவனைச் சூழ்ந்துகொண்டது. என்ன மருந்து, எந்த ஆஸ்பத்திரி, ஜிம்முக்குப் போறியா, என்ன ரகசியம். அவன் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தட்டையான வயிற்றை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, சிம்பிள் மாமா, ரொம்ப சிம்பிள் அத்தை என்று பாடம் நடத்தினான். செண்பகம் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள், சரிவிகித உணவு என்று கரும்பலகையில் தட்டு வரைந்து, நாலு பாகமாகப் பிரித்து, பதினோரு வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறவள். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் கவினுக்கு இட்லி ஊட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். அப்போதுதான் பங்கஜம் அத்தை, அவனுடைய சொந்த அத்தை, நல்ல மனுஷிதான், வஞ்சகம் தெரியாதவள், அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். "குமாரு, ஆளே மாறிட்டியேடா. செண்பகத்துக்குத் தம்பி மாதிரில்ல இருக்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவன் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, புதிதாகத் தெரிகிற தொண்டை முடிச்சு ஏறி இறங்க, சந்தோஷமாகச் சிரித்தான். சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது லட்டில் பாதியைக் கிள்ளித் தின்றுவிட்டு, மீதியை அவள் இலையில் தள்ளி, "எனக்குப் போதும், நீ சாப்பிடு" என்றான். அவள் சாப்பிட்டாள். அதுதான் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவன் சிரித்தது பாதி, அந்த லட்டை அவள் சாப்பிட்டது மீதி. வீசியிருக்கலாம். இலையோடு சேர்த்து மடித்திருக்கலாம். வாயில் போட்டு, கிராம்பு கடிபட்டபோது நன்றாக இருக்கிறது என்று வேறு நினைத்தாள்.

கீரையைச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுக் கண்ணாடி டம்ளரை எடுத்தாள். ஆறு முந்திரி, இராத்திரி ஊறப் போட்டது, வெளுத்து உப்பியிருந்தது. முதல் நாள் நாலுதான் போட்டாள். கரூரிலிருந்து திரும்பின மறுநாள் காலையில், கவினின் பிறந்தநாள் பாயசத்துக்கு வாங்கி மீந்திருந்த பொட்டலம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான், யோசித்துச் செய்ததில்லை. நெய் என்றால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும், தேங்காய் என்றால் நாக்குக்குத் தெரிந்துவிடும். முந்திரி வாய் பேசாது. விழுதாக அரைத்துக் கீரையில் கடைந்துவிட்டால் கீரையே கொஞ்சம் கொழுகொழுவென்று ஆகிறது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவன் தட்டை வழித்துவிட்டு, "இப்பல்லாம் கீரை எப்படி இவ்வளவு நல்லா இருக்கு?" என்றான். "பிஞ்சுக் கீரை" என்றாள். அவன் இன்னொரு கரண்டி கேட்டான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக இன்னொரு கரண்டி. அந்தக் கரண்டியை அவன் தட்டில் கவிழ்த்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது, அதை என்னவென்று சொல்ல. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்குகிற பெண்ணின் பேனா மை பரீட்சை நடுவில் தீர்ந்தால் பின் பெஞ்சுக்காரிக்கு வருமே, அந்தச் சந்தோஷம். அடுத்த ஞாயிறு அவன் எடை மிஷினில் ஏறி இறங்கினான். மறுபடி ஏறினான். எழுபத்தாறு. மிஷினைத் தூக்கி வேறு டைல்ஸில் வைத்து ஏறினான். எழுபத்தாறேதான். அதற்கடுத்த ஞாயிறு எழுபத்தாறரை. போன ஞாயிறு எழுபத்தேழு சொச்சம். அவன் முகம் விழுந்ததைக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். நாலு முந்திரி ஐந்தானது, ஐந்து ஆறானது, கூழிலும் கொஞ்சம், சுண்டல் தாளிக்கும்போது ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக, அவன் கேட்டு வாங்குகிற இன்னொரு கரண்டியும் தினப்படி ஆனது. பாவம் என்று தோன்றாமல் இல்லை. தோன்றும்போதெல்லாம் தொண்டை முடிச்சு ஏறி இறங்கச் சிரித்த அந்தச் சிரிப்பும் கூடவே தோன்றும், கை தானாக டம்ளருக்குப் போகும்.

மிக்சி ஜாடியை மூடித் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பொத்தானைத் திருகினாள். துண்டையும் மீறிச் சத்தம் வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நிறுத்தித் திரும்பினால் யாழினி அடுப்படி வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். பத்து வயதுக்கு எல்லாம் கவனிக்கிற பெண். ஜாடியை எட்டிப் பார்த்தாள். "முந்திரியாம்மா? பாயசமா இன்னிக்கு?" "ம்" என்றாள் செண்பகம். "அப்பாவுக்கும் உண்டா? அப்பாதான் பாயசம் சாப்பிட மாட்டாரே." "உனக்குத்தான்டி. போய்ப் பல்லு வெளக்கு." பெண் போனது. இனிப் பாயசம் வேறு வைக்க வேண்டும். ஒரு பொய்க்கு அரைப்படி பால். வைத்தால் என்ன நடக்கும், கவின் நாலு ஸ்பூன் குடித்துவிட்டு மூக்கைச் சுளிப்பான், யாழினி திராட்சையை ஒதுக்குவாள், அவன் தொட மாட்டான், மீதிச் சட்டி யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் ஒதுக்கியதையெல்லாம் சேர்த்து வைத்தால் ஒரு ஆள் வளரலாம், வளர்ந்திருக்கிறாள். கடித்த பூரி, தோசை ஓரம், முட்டையின் மஞ்சள்கரு, டிபன் பெட்டியில் திரும்பி வந்த நூடுல்ஸ், காலை ஏழே முக்காலுக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே விழுங்குகிற கவினின் அரை இட்லி. அது அவள் கணக்கில் சாப்பாடே இல்லை. பாத்திரம் தேய்க்க வசதியாகத் தட்டைக் காலி செய்வது. மார்கழி மாதத்தில் அவளும் பதினோரு நாள் அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்தாள், யாரிடமும் சொல்லாமல். நன்றாகத்தான் இருந்தது, மதியம் நாலு மணிக்குக் கண் சொருகவில்லை, புடவைக் கொசுவம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பன்னிரண்டாம் நாள் கவினுக்கு வாந்தி, அவளுக்கு அரையாண்டு விடைத்தாள் கட்டு, கீரை ஆய்வது ஒரு ஆளுக்கு மட்டும்தான் முடிந்தது. அந்த ஒரு ஆள் யார் என்று யோசிக்கக்கூட இல்லை. அன்று ராத்திரி வாணலியில் மீந்த நூடுல்ஸை வாணலியோடு தின்றாள். அவள் ஆரம்பித்ததும் யாருக்கும் தெரியாது, விட்டதும் யாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் அவன் ஒல்லியானதுதான் எரிகிறதா? அதுகூட இல்லையோ என்று விழுதை வழித்துக் கீரையில் போட்டுக்கொண்டே நினைத்தாள். மத்தால் கடைந்தாள். பச்சை வெளிறிக்கொண்டு வந்தது. ஆறாம் வகுப்பு பி பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது. நடுப்படியில் ஒரு நிமிடம் நின்று, போனில் ஏதோ பார்க்கிறவள் போல மூச்சு வாங்கிக்கொள்கிறாள். சமீபமாகத் தண்ணீர் அடிக்கடி தவிக்கிறது. ராத்திரி இரண்டு தரம் எழுந்திருக்கிறாள். இடது குதிகாலில் ஒரு காசு அளவுக்கு மரத்துப்போன இடம், செருப்பு அழுத்தினது என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். இதெல்லாம் எதற்கு அடையாளம் என்று அவளுக்குத் தெரியாதா, மாமனாரைக் கடைசி இரண்டு வருடம் பார்த்துக்கொண்டது யார். அந்த முகாமுக்குக் குடும்பத்தோடு வரலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்று கவினுக்குக் காய்ச்சல், அவள் போகவில்லை. போயிருந்தால் அந்த டாக்டர் அவளையும் உட்கார வைத்துத் திட்டியிருப்பார். ரெண்டு பிள்ளை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடு என்றிருப்பார். வீட்டுக்கு வந்து முகம் வெளிறி நின்றிருப்பாள், யாராவது அழுதிருப்பார்கள், மறுநாள் அவளுக்கென்று ஒரு சின்னக் குக்கர் வந்திருக்கும். அந்தத் திட்டுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவனைப் பிடித்து உட்கார வைத்து, நீ செத்துப் போகக் கூடாது என்று ஒருத்தர் சொன்னார், உடனே ஒரு வீடே எழுந்து அவனுக்காக ஊறவும் வேகவும் ஆரம்பித்தது. அவன் உடம்புக்கு அவ்வளவு மரியாதை. அவள் உடம்பு பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஏதோ ஒன்று. இதை நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, கீரைச் சட்டியின் ஆவி என்று துடைத்துக்கொண்டாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் அவன் ரத்தம் கொடுக்கப் போகிறான். ரெண்டு மாதம் முடிகிறது. அது நினைவுக்கு வந்ததும் கடைகிற கை நின்றது. நாலு வாரமாக அந்த நினைவு வருகிறது, அவளும் நாலு வாரமாக அதை ஓரமாக நகர்த்தி வைக்கிறாள், இன்றைக்கு நகர்த்த இடம் இல்லை. சர்க்கரை ஏறியிருந்தால்? முந்திரியில் சர்க்கரை அதிகம் இல்லை என்று பாடம் எடுக்கிறவளுக்குத் தெரியும். எடை ஏறினால் என்ன ஆகும் என்பதும் அதே பாடம் எடுக்கிறவளுக்குத் தெரியும். மாத்திரை. பிறகு இரண்டு மாத்திரை. மாமனாரின் கட்டுப் போட்ட கால், அந்த மருந்து வாடை, துணி மாற்றும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அவனுக்கு நாற்பத்து மூன்று. இன்னும் ஒன்பது வருடம் என்று ஒரு கணக்கு தானாக வந்து நின்றது. ஒரு சிரிப்புக்காகவா? அத்தை ஏதோ சொன்னாள், அவன் ஏதோ சிரித்தான், அதற்குப் பழியாக அவன் காலையா எடுப்பாள்? இந்தச் சட்டியை அப்படியே கவிழ்த்துவிடலாம். குழாயடியில் இன்னொரு கட்டுக் கீரை இருக்கிறது, அரை மணியில் வேறு வைத்துவிடலாம். சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். தொட்டி வரைக்கும் கொண்டுபோனாள். கீரை பச்சையாக, மினுமினுப்பாக, ஆவி பறந்து மணத்தது. நாலு தண்ணீர் அலசின கீரை. எப்படிக் கொட்டுவது? இதையும் அவள்தானே சாப்பிட வேண்டும்? நின்றாள். வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. முப்பத்தைந்து நிமிடம் ஆகவில்லையே என்று சட்டியை மறுபடி அடுப்பு மேலேயே வைத்தாள்.

அவன் அடுப்படிக்கு வரவில்லை. அறைக்குள் போனான், மிஷின் சத்தம் க்ளிக் என்று கேட்டது. இறங்கி மறுபடி ஏறுகிற சத்தம் கேட்கவில்லை. ஒரே தடவைதான் ஏறினான். பிறகு மெதுவாக வந்து, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்தான். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "எழுபத்தெட்டு" என்றான். அவள் மோரை ஆற்றிக் கொடுத்தாள். பாதி குடித்தான். "பாதியில திரும்பிட்டேன். தலை சுத்துற மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாளா மதியம் சோறை விட்டுட்டேன், அதான் போல." எதற்கு விட்டான் என்று கேட்கத் தெரியாமல் அவள் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "ஒண்ணு சொல்லட்டா, கோவிச்சுக்கக் கூடாது" என்றான். "முந்திரி அரைச்சுப் போடறன்னு எனக்குத் தெரியும். புதன்கிழமை மோர் எடுக்க வந்தப்ப டப்பாக்குப் பின்னால டம்ளரைப் பாத்தேன்."

அவன் அவளைப் பார்க்காமல் கீரைச் சட்டியைப் பார்த்துப் பேசினான். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ பயந்துட்ட. நான் ரொம்ப எளச்சுட்டேன்னு எங்கம்மாவும் போன்ல அழுதுச்சு. நீ வாயத் தொறந்து சொல்ல மாட்ட, இப்படித்தான் செய்வ. நாளைக்கு டெஸ்ட்னு எனக்கும் உதறலாத்தான் இருக்கு. ஆனா உன்னை நிறுத்தச் சொல்ல மனசு வரல செண்பகம். யாருக்குமே தெரியாம ஒருத்தி நமக்காக ஊற வச்சு அரைச்சுப் போடறான்னு நெனச்சா நல்லா இருந்துச்சு. அதான் அதைச் சாப்பிட்டுட்டு மதியச் சோத்தை விட்டேன்." அவள் சும்மா இருந்தால் போதும். ஆமாங்க என்றுகூடச் சொல்ல வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டால் போதும், நல்ல மனைவி என்ற பெயர் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருக்கிறது, அதையும் மற்ற மிச்சங்களைப் போல எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அன்பு காட்டப்பட்டவனின் முகம். இதுவும் அவனுக்கே கிடைத்துவிட்டது. அவள் செய்த கெடுதல்கூட அவனிடம் போய்ப் பாசமாக மாறிக்கொண்டது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"பயம் இல்லீங்க" என்றாள். "பொறாமை."

"என்ன?"

"உங்க மேல. கரூர்ல உங்க அத்தை சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க. மறுநாள்லேர்ந்து போடறேன். நீங்க குண்டாகணும்னுதான் போட்டேன்."

அவன் சிரிக்கப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, பிறகு நின்றுவிட்டது. அவள் வேடிக்கை பேசவில்லை என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. உள்ளே யாழினி தம்பியை எழுப்புகிற சத்தம் கேட்டது. "டெஸ்டுன்னு தெரிஞ்சுமா?" என்றான். "தெரிஞ்சுந்தான்" என்றாள். அவன் முகம் கறுத்தது. எழுந்திருக்கப் பார்த்தான், முட்டியில் கையை ஊன்றியபடி அப்படியே இருந்தான். "எங்கப்பா காலை நீதானே கழுவின" என்றான் மெதுவாக. அவளுக்கு அழுகை வந்தது, வந்ததைத் துடைக்கவில்லை. "எனக்கும் தண்ணி தவிக்குது. காலு மரத்துப்போகுது. என்னையும் யாராச்சும் உட்கார வச்சுத் திட்டினா நானும் சாப்பிடுவேன். எனக்கும் யாராச்சும் நாலு தண்ணி அலசிக் கீரை வச்சுக் குடுத்தா நானும் எளைப்பேன். எல்லார்கிட்டயும் சிம்பிள் சிம்பிள்ங்கறீங்க. யாருங்க எனக்குச் செய்வா?"

கோபத்தை அவன் விழுங்குகிறானா சேர்த்து வைக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் இடது காலைப் பார்த்தான், வலதைப் பார்த்தான், எது என்று கேட்கவில்லை. "நாளைக்கு நீயும் வா, வெறும் வயித்துல" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்பை அணைத்தான். கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கேட்காமலே தொட்டியில் கவிழ்த்தான். நாலு தண்ணீர் அலசின கீரை சளப்பென்று விழுந்தபோது ஐயோ என்று அவள் கை நீண்டது. அவன் குழாயைத் திறந்துவிட்டான். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எதை எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியாமல் அலமாரியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். "சரி, சொல்லு" என்றான், இன்னும் முறைப்பாகத்தான். "இன்னிக்கு நான் வைக்கிறேன். உனக்கு என்ன வேணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கவினுக்குக் கடுகு வாயில் படக் கூடாது. யாழினிக்கு உருளைக்கிழங்கு ஓரம் முறுகியிருக்க வேண்டும். அவனுக்குக் கூட்டில் சீரகம் தூக்கலாக இருக்க வேண்டும், மாமியாருக்குப் புளி ஆகாது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. எனக்கு, எனக்கு என்று இரண்டு தரம் உள்ளே தட்டிப் பார்த்தாள். அவன் கரண்டியோடு காத்து நின்றான். இதே கேள்வியை யாராவது அவனிடம் கேட்டிருந்தால் அவன் யோசிக்கவே மாட்டான், செண்பகத்தைக் கேளுங்க என்று கையைக் காட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டப் போயிருப்பான். அப்படிக் கையைக் காட்ட ஒரு ஆள் இருக்கிற அவன் மேல் அவளுக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது.